காணாமற்போன மனு

பல வருஷங்களுக்கு முன், கடற்கரை நகரம் ஒன்றில் நாங்கள் ஏழெட்டுப் பேர் நடத்தி வந்த பிலிம் சொஸைட்டியில் ஹிட்ச்காக்கின் 'தி மாங்ஸ்மன்' படத்தைத் திரையிட்டோம். 16 மி.மீ. பிரதி. இசை கிடையாது. ப்ரொஜக்டரின் உறுமல்தான் பின்னணி. படத்துக்கான நோட்டீஸை எழுதியவன் நான். சைக்ளோஸ்டைல் செய்து காலேஜ் வாசலிலும் லைப்ரரியிலும் கொடுத்தோம். 'சஸ்பென்ஸ் மன்னனின் கடைசி மௌனப்படம் - கடலோரக் காதல் காவியம்' என்று எழுதியிருந்தேன். காவியம் என்ற வார்த்தையை இன்று நினைத்தால் கூசுகிறது. வெகுஜனப் பத்திரிகைகளின் விளம்பர மொழியைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தவனுக்கு, தன் கையில் ஸ்டென்ஸில் வந்தவுடன் வேறு மொழி தோன்றவில்லை என்பதுதான் நடந்தது.

வந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். கொலையை எதிர்பார்த்து வந்தவர்கள் இரண்டாவது ரீலில் எழுந்து போனார்கள். அவர்கள் மேல் எனக்கு அன்று கோபம் இருந்தது. இப்போது இல்லை. நான் சொன்னதை நம்பி வந்தவர்கள் அவர்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் படத்தின் கலைத் தகுதி பற்றியதல்ல. மீனவர் குப்பத்துக் காதல் கதை ஒன்று எப்படி எப்படியெல்லாம் விற்கப்பட்டது, விற்பனையில் எது முன்னால் வைக்கப்பட்டது, எது மறைந்து போனது என்பதைப் பற்றியது. இதற்கு 1929-லிருந்து தொடங்கினால் போதாது. 1894-க்குப் போக வேண்டும்.

ஹால் கெய்ன் என்ற பெயர் இன்று யாருக்கும் பரிச்சயமில்லை. அவருடைய நாவல்களை நான் படிக்க முயன்று இருமுறை தோற்றிருக்கிறேன். ஆனால் விக்டோரியா காலத்தின் கடைசி ஆண்டுகளில் அவரைவிடப் பிரபலமான ஆங்கில நாவலாசிரியர்கள் அதிகம் பேர் இல்லை. 1853-ல் ரங்கார்னில் பிறந்தவர். தகப்பனார் வழியில் ஐல் ஆஃப் மேன் தீவுக்காரர். இளமையில் கவிஞர் ரொஸெட்டியின் கடைசி நாட்களில் அவருடனேயே தங்கி, அவருக்குச் செயலாளர் மாதிரி இருந்தார். 1882-ல் ரொஸெட்டி இறந்ததும் அவரைப் பற்றிய ஞாபகங்களை உடனே புத்தகமாக்கி வெளியிட்டார். பின்னால் வரப்போகும் சாமர்த்தியத்தின் முதல் அடையாளம் அது என்று எனக்குப் படுகிறது. பிராம் ஸ்டோக்கர் தன் 'டிராகுலா'வைச் சமர்ப்பணம் செய்தது இவருக்குத்தான். ஷேக்ஸ்பியரின் உருவப்படத்தை நினைவூட்டும் மாதிரி தாடியும் நெற்றியும் வைத்துக்கொண்டு போட்டோக்களுக்கு நிற்பவர் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்யப்பட்டவர். தீவில் கிரீபா கோட்டை என்ற வீட்டை வாங்கிக் குடியேறினார். 1901-ல் தீவின் சட்டசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1894-ல் ஹைன்மன் வெளியிட்ட 'தி மாங்ஸ்மன்' நாவல், மூன்று பாகமாக நாவல் போட்டு வாடகை நூலகங்களுக்கு விற்கும் பழைய வியாபார முறையை விட்டு, ஆறு ஷில்லிங் விலையில் ஒரே பாகமாக வந்தது. மூன்று பாக நாவலின் சாவுக்கு இதன் விற்பனையும் ஒரு காரணம். அதே வருஷம் நாடகமாயிற்று. 1908-ல் இன்னொரு நாடக வடிவம் வந்தது, 'பீட்' என்ற பெயரில். 1916-ல் ஜார்ஜ் லோன் டக்கர் இதைப் படமாக்கினார், தீவுக்கே போய். ஆக, ஹிட்ச்காக் கைக்கு வருவதற்குள் இந்தக் கதை முப்பத்தைந்து வருஷம் விற்பனையில் இருந்த சரக்கு.

கதை எளியது. பீட் என்ற மீனவன். பிலிப் என்ற வக்கீல். பால்ய சிநேகிதர்கள். இருவரும் சாராயக்கடைக்காரன் மகள் கேட்டை விரும்புகிறார்கள். ஏழை என்று தகப்பன் மறுத்துவிட, பீட் பணம் தேடித் தென்னாப்பிரிக்கா போகிறான், கேட்டைப் பார்த்துக்கொள்ளும்படி நண்பனிடம் சொல்லிவிட்டு. அவன் செத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. கேட்டும் பிலிப்பும் நெருங்குகிறார்கள். பீட் உயிரோடு திரும்பி வருகிறான். அவனுக்குக் கழுத்தை நீட்டும் கேட்டின் வயிற்றில் பிலிப்பின் குழந்தை. தாங்க முடியாமல் அவள் வீட்டைவிட்டு வெளியேறி, துறைமுகத்தில் குதித்து, காப்பாற்றப்பட்டு, தற்கொலை முயற்சி என்ற குற்றத்துக்காகக் கோர்ட்டில் நிறுத்தப்படுகிறாள். நீதிபதி ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவன் பிலிப். இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தீவில் நீதிபதிக்கு டீம்ஸ்டர் என்று பெயர். டீம்ஸ்டர் பதவியேற்கும்போது எடுத்துக்கொள்ளும் பிரமாணம் எனக்கு இந்த நாவலைவிடவும் படத்தைவிடவும் பிடித்த விஷயம். ஹெர்ரிங் மீனின் முதுகெலும்பு அதன் உடலுக்கு நட்டநடுவில் கிடப்பதுபோலப் பட்சபாதமில்லாமல் நீதி வழங்குவேன் என்று அவர் சத்தியம் செய்ய வேண்டும். ஹெர்ரிங் நம் மத்திக்கு உறவுமுறை. ஒரு ஜனக்கூட்டம் தன் சட்டத்துக்கான உவமையைத் தராசில் தேடாமல் சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் மீனில் கண்டுகொண்டது என்பதைப் போல அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் படிமம் வேறு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள், ஜூலை மாதத்தில், தீவின் பார்லிமெண்ட் செயின்ட் ஜான்ஸ் என்ற ஊரில் திறந்தவெளி மேட்டில் கூடும். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் குறை தீர்க்கக் கோரி மனுக் கொடுக்கலாம். மனு என்ற சொல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஹிட்ச்காக்கின் படம் எல்ஸ்ட்ரீயில் ஜான் மாக்ஸ்வெல்லின் பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் தயாரிப்பு. வெளிப்புறக் காட்சிகள் எடுக்கப்பட்டது தீவில் அல்ல, கார்ன்வாலில், போல்பெரோ என்ற மீன்பிடித் துறையில். கூடவே இருந்து யோசனை சொல்லிக்கொண்டிருந்த கிழட்டு நாவலாசிரியரிடமிருந்து தப்பிக்கத்தான் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். படம் தொடங்கும்போது தீவின் சின்னமான மூன்று கால்கள் திரையில் வந்துவிடுகின்றன. சின்னத்தைக் காட்டிவிட்டால் போதும், அதற்குப் பின்னால் வரும் எந்தத் துறைமுகமும் அந்தத் தீவுதான். விளம்பரத்தின் தர்க்கம் சினிமாவுக்குள்ளேயே நுழைந்துவிடும் இடம் இது. ஆனால் சரித்திரம் ஒரு குறும்பு செய்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கார்ன்வால் மீனவர்கள் ஹெர்ரிங் பிடிக்கத் தீவுப் பக்கம் வந்தபோது, அவர்களுடைய படகுகளைப் பார்த்துத் தீவுக்காரர்கள் அதே மாதிரி கட்டிக்கொண்டார்கள். 'நிக்கி' என்று அந்தப் படகுக்குப் பெயர். கார்ன்வாலில் நிக்கலஸ் என்ற பெயர் சகஜம் என்பதால் வந்த பெயர் என்பார்கள். ஸ்டூடியோ செய்த பொய்யில் படகுகள் மட்டும் பாதி உண்மையாகிவிட்டன. ஸ்டூடியோவுக்கு இது தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

1929 ஜனவரியில் படம் வியாபாரிகளுக்குக் காட்டப்பட்டது. சினிமா விளம்பரம் என்றால் பொதுஜனங்களைப் பார்த்துக் கூவுவது என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். அந்த நாளில் முதல் கூவல் தியேட்டர் முதலாளியைப் பார்த்துத்தான். 1927-ம் வருஷத்து பிரிட்டிஷ் சினிமாச் சட்டம், படத்தைப் பார்க்காமலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பழக்கத்தைத் தடை செய்தது. வியாபாரக் காட்சி கட்டாயமாயிற்று. அதே சட்டம்தான் முதலாண்டில் வினியோகஸ்தர்கள் 7.5 சதவிகிதமும் தியேட்டர்கள் 5 சதவிகிதமும் பிரிட்டிஷ் படங்கள் எடுத்தாக வேண்டும் என்றும், இது படிப்படியாக 20 சதவிகிதம் வரை ஏறும் என்றும் விதித்தது. அமெரிக்கப் படங்களுக்கு அணை. ஆக, பிரிட்டிஷ் மண், பிரிட்டிஷ் கடல், பிரிட்டிஷ் நாவலாசிரியர் என்ற மூன்றும் 'மாங்ஸ்ம'னுக்கு வியாபார குணங்கள். கதாநாயகி அன்னி ஓண்ட்ரா ப்ராக் நகரத்து சினிமாவிலிருந்து வந்தவள், மீனவனாக நடித்த கார்ல் பிரிஸ்ஸன் டென்மார்க்கில் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தவன் என்பதெல்லாம் மௌனத்தில் அடிபட்டுப் போயிற்று.

இந்த அணை விவகாரம் நம் பக்கமும் எட்டிப் பார்த்தது. 1926 சாம்ராஜ்ய மகாநாட்டில் சினிமா விஷயம் பேசப்பட்டபின், சாம்ராஜ்யப் படங்களுக்கு இந்தியாவிலும் சலுகை காட்டலாமா என்று விசாரிக்க 1927-ல் ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். கமிட்டி ஊர் ஊராகப் போய்ச் சாட்சியம் வாங்கி, 1928-ல் அறிக்கை கொடுத்தது. சாம்ராஜ்யச் சலுகை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்கப் படம் இந்தியனைக் கெடுக்கிறது என்றால் பிரிட்டிஷ் படமும் அதே அளவு கெடுக்கும் என்ற தொனி அதில் இருக்கிறது. அரசாங்கம் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டியது வேறு கதை. ஆனால் 'நம் சாம்ராஜ்யத்தின் எளிய மீனவர்கள்' என்று ஒரு படத்தை இங்கே சட்டபூர்வமாகத் தலையில் கட்டாமல் போனதற்கு அந்த வைஷ்ணவ வக்கீலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

வியாபாரிகளைத் தாண்டி ஜனங்களுக்கு வரும்போது தியேட்டர் முகப்பு வருகிறது. 'பயாஸ்கோப்', 'கினிமாடோகிராஃப் வீக்லி' போன்ற வியாபாரப் பத்திரிகைகள் தியேட்டர் மானேஜர்களுக்கு எப்படிக் கூட்டம் சேர்ப்பது என்று வாராவாரம் யோசனை சொல்லின. படத்துக்குத் தக்கபடி முகப்பை ஜோடிப்பது அந்தக் கால வழக்கம். பாலைவனப் படம் என்றால் கூடாரம், கடல் படம் என்றால் வலை, நங்கூரம், வாசற்காரனுக்கு மாலுமி உடுப்பு. மீன் நாற்றம் மட்டும் இல்லாத குப்பம். மீனவனின் தொழிற்கருவி, அவனிடமிருந்து பிரிந்து, தோரணமாகிவிடுகிறது. வலையில் ஓட்டை இருந்தால் அங்கே அழகு. கடலில் அது அன்றைய பட்டினி.

இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது. 1922-ல் 'டவுன் டு த சீ இன் ஷிப்ஸ்' என்ற அமெரிக்கப் படம் திமிங்கில வேட்டைக்குப் பேர்போன நியூ பெட்ஃபோர்டிலேயே முதலில் திரையிடப்பட்டது. உள்ளூர்க்காரர்களின் பணத்தில் எடுக்கப்பட்ட படம். நிஜத் திமிங்கிலம், நிஜ ஈட்டி என்பதுதான் அதன் விற்பனைச் சொல். ஆனால் அந்த ஊரின் வேட்டைத் தொழில் அப்போது கடைசி மூச்சில் இருந்தது. தன் சாவுக்குத் தானே டிக்கெட் வாங்கிப் பார்த்த ஊர். 1934-ல் ஃபிளாஹர்டியின் 'மேன் ஆஃப் ஆரன்' வந்தபோது - இது காதல் கதையல்ல, பேசாமல் எடுத்துப் பின்னால் சத்தம் சேர்த்த படம் - அதில் நடித்த அயர்லாந்துத் தீவு மீனவர்களை லண்டனுக்குக் கூட்டிவந்து, வீட்டுத்தறி உடுப்போடு நிறுத்திக் காட்டினார்கள். கம்பெனியின் கண்ணாடி ஜன்னலில் பாடம் செய்த சுறா ஒன்று. படத்தில் வரும் சுறா வேட்டை அந்த மீனவர்களுக்கே தெரியாது, தாத்தாக்கள் காலத்தோடு போன வித்தை, படத்துக்காகக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஜன்னலில் இருந்த சுறாவுக்கும் வாசலில் நின்ற மனிதர்களுக்கும் விளம்பரக் கணக்கில் என்ன வித்தியாசம் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாம் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. 1930-ல் போர்த்துகல்லில் லைத்தாவ் த பார்ரோஸ் எடுத்த 'மரியா தோ மார்', நாஸரே கடற்கரையில், இரண்டு குடும்பப் பகையின் நடுவே ஒரு காதல். நாடக நடிகர்களோடு அந்தக் கரைக்காரர்களே நடித்தார்கள். அலையில் படகைத் தள்ளும் உடம்புகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அவை தள்ளிப் பழகிய உடம்புகள். அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி இங்கே இடமில்லை.

ஹிட்ச்காக்குக்கு வருகிறேன். த்ரூஃபோவிடம் பேசியபோது அவர் 'மாங்ஸ்ம'னை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். கடைசி மௌனப்படம் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. த்ரூஃபோதான் விடாமல், கேட் தான் கர்ப்பமாயிருப்பதைச் சொல்லும் இடத்தில் எழுத்து அட்டையே வேண்டாம், உதட்டில் படிக்கலாம், பேசும்படம் அங்கே காத்துக்கொண்டிருக்கிறது என்றார். இருவரும் சொல்லாதது ஒன்று உண்டு. இரவில் கேட் துறைமுகக் கருநீரில் குதிக்கிறாள். அந்தக் கருமை மெல்லக் கரைந்து மைக்கூடாகிறது. அதில் பிலிப்பின் பேனா இறங்குகிறது. நீதிபதியாக அவன் எழுதப்போகும் மை. ஒரு பெண்ணின் சாவு முயற்சி ஒரு ஆணின் உத்தியோகத்துக்குள் இப்படி ஊற்றப்படுவதை எழுத்தில் செய்திருந்தால் நான் அந்த எழுத்தாளனைக் கும்பிட்டிருப்பேன். கேட்டின் டைரியில் 'மிஸ்டர் கிறிஸ்டியன்' பக்கத்துக்குப் பக்கம் சுருங்கி 'பில்' ஆவதும் அந்த வகைதான். தன் படத்தைப் பற்றி டைரக்டர் சொல்வதை நம்பத் தேவையில்லை. நம் எழுத்தாளர்கள் விஷயத்திலும் நாம் இதைக் கடைப்பிடித்தால் நல்லது.

அன்று எங்கள் திரையிடல் முடிந்து சுவரிலிருந்து துணியை இறக்கிக்கொண்டிருந்தோம். ப்ரொஜக்டர் பெட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவதற்கு ஒரு பையன் வருவான். பக்கத்துக் குப்பத்துப் பையன். பதினெட்டு வயசிருக்கும். படம் முழுவதையும் நின்றபடி பார்த்திருக்கிறான். எழுத்து அட்டைகளை எங்கள் நண்பர் ஒருவர் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டே கேட்டான்: "சார், அந்த மனு என்ன ஆச்சு?"

எனக்குப் புரியவில்லை. எந்த மனு?

"மொதல்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களே சார். அந்த வக்கீலு எழுதினாரே. மீன் பிடிக்கிறவங்க மனு."

படத்தின் ஆரம்பத்தில் மீனவர்கள் கூடுகிறார்கள். பிலிப்பும் பீட்டும் அவர்கள் குறையைச் சொல்லி கவர்னருக்கு ஒரு மனு தயாரிக்கிறார்கள். கேட் கையெழுத்து வாங்க உதவுகிறாள். இரண்டு ஆண்களும் அவளைப் பார்க்கும் பார்வை வேறு வேறு என்று நமக்குத் தெரியவருவது அந்தச் சந்தடியில்தான். அதன்பின் படத்துக்கு மனு தேவையில்லை. ஊருக்காக வாதாட வந்த வக்கீல் காதலனாகி, டீம்ஸ்டராகி, பதவியைத் துறந்து, கேட்டையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊரின் ஏச்சுக்கு நடுவே போய்விடுகிறான். பீட் மறுபடி கடலுக்குப் போகிறான். எந்தக் குறைக்காக மனு எழுதினார்களோ அந்தக் கடலுக்கு. நான் அந்தப் படத்தை அதற்குமுன் ஒரு தடவை பார்த்து, குறிப்புகள் எடுத்து, நோட்டீஸும் எழுதியிருந்தேன். மனு என் கண்ணில் படவில்லை.

"அது கதையை ஆரம்பிக்க ஒரு சாக்கு தம்பி" என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினான். சமாதானமான ஆட்டல் இல்லை.

பிற்பாடு எனக்குத் தோன்றிய ஒரு நியாயம், கலைக்கு எல்லா நூலையும் முடிச்சுப் போட வேண்டிய கடமை இல்லை என்பது. உண்மைதான். ஆனால் இந்த ஒரு நூல்தான் அந்தக் கதையில் மீனவர்களுக்குச் சொந்தமானது. மற்ற எதையும் - நண்பன், காதலி, துரோகம், குழந்தை - மலைத்தோட்டத்துக்கோ மில் தெருவுக்கோ மாற்றிவிடலாம், ஒன்றும் குறையாது. நாவலாசிரியர் பெயரை வைத்து விற்ற 1894-லும், பிரிட்டிஷ் முத்திரையை வைத்து விற்ற 1929-லும், ஹிட்ச்காக் பெயரை வைத்து நான் விற்ற அன்றும் மீனவன் முகப்புத் தோரணம்தான். 2010-ல் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிட்யூட் ஹிட்ச்காக்கின் ஒன்பது மௌனப்படங்களைக் காப்பாற்ற நன்கொடை திரட்டியது. புதுப்பிக்கப்பட்ட 'மாங்ஸ்மன்' 2012 அக்டோபரில் லண்டன் திரைப்பட விழாவில் ஸ்டீஃபன் ஹோர்னின் புது இசையோடு காட்டப்பட்டது. நல்ல காரியம். அந்தப் பிரதியை நானும் பின்னால் பார்த்தேன். கலங்கரை விளக்கின் ஒளி கேட்டின் முகத்தில் விழுந்து விழுந்து நகரும் காட்சி எங்கள் அழுக்குப் பிரதியில் வெறும் சாம்பலாக இருந்தது, இப்போதுதான் அது எப்படி எண்ணி எண்ணி எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. ஹால் கெய்ன் பெயர் மட்டும் இப்போது யாரையும் இழுக்கவில்லை. எந்த மனிதர் பெயரைச் சொல்லிப் படம் விற்கப்பட்டதோ, அவர் இன்று அந்தப் படத்தால்தான் கொஞ்சம் ஞாபகமிருக்கிறார்.

மௌனம் பற்றி இன்னொன்று. 'மாங்ஸ்மன்' முடிந்து சில மாதங்களில் 'பிளாக்மெய்ல்' பேசும்படமாயிற்று. ஓண்ட்ராவின் செக் உச்சரிப்பு லண்டன் கடைக்காரன் மகளுக்கு ஒத்துவராது என்று, காமிராவுக்கு வெளியே ஜோன் பாரி என்ற நடிகை வசனம் சொல்ல, ஓண்ட்ரா வாயசைத்தாள். தீவுப் பெண்ணாக அவள் நடித்தபோது இந்தக் கவலை எழவில்லை. எழுந்திருந்தால் எந்த மொழியில் எழுந்திருக்கும்? அந்தத் தீவுக்கு என்று ஒரு மொழி இருந்தது, மாங்ஸ். அயர்லாந்து மொழிக்குத் தங்கை. 1929-ல் அதைத் தாய்மொழியாகப் பேசிய கிழவர்களும் கிழவிகளும் மிச்சமிருந்தார்கள். 1948-ல் அயர்லாந்திலிருந்து ஆட்கள் வந்து, மிஞ்சியவர்களின் குரலைத் தட்டில் பதிந்துகொண்டு போனார்கள். கடைசி மனிதர் நெட் மாட்ரெல், 1974 டிசம்பரில் இறந்தார். தொழில், மீன்பிடிப்பு. தாய்மொழியாகப் பேசும் கடைசி ஆள் என்ற பிரபலத்தைக் கிழவர் ரசித்தார் என்றும் படித்திருக்கிறேன். அவரைத் தேடிப் போனவர்கள் டேப் ரிக்கார்டரோடு போனார்கள், அவர் பேசுவதைக் கேட்க.

எங்கள் நோட்டீஸின் பிரதி ஒன்று பழைய ஃபைலில் கிடைத்தது. ஸ்டென்ஸில் எழுத்து பாதி அழிந்துவிட்டது, 'காவியம்' மட்டும் தெளிவாக இருக்கிறது. பின்பக்கம் அன்றைய செலவுக் கணக்கு, பென்சிலில், என் கையெழுத்தில். ஹால் வாடகை, பிரதி வந்த ரயில் பார்ஸல், டீ. அதற்குக் கீழே: பெட்டி தூக்கிய பையனுக்கு, இரண்டு ரூபாய். பெயர் போடவில்லை.